கோதாவரி ஊற்றிய தண்ணீர்

கொழிஞ்சாம்பாறை,
தை மாதம், வெள்ளிக்கிழமை.

அன்பு மௌனிகாவுக்கு,

உன் அத்தை நர்மதா எழுதிக்கொள்வது. பெங்களூரில் நீ சுகமாக இருப்பாய், உன் புத்தகமும் சுகமாக விற்கிறது என்று உன் அப்பா வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறான். இங்கே என்னைத் தவிர எல்லாரும் நலம். போனில் பேசினால் நீ சிரிப்பாய், நானும் சிரித்துத் தொலைப்பேன். அதனால்தான் கடிதம்.

உன் சூறைச்செல்வி நாவல்கள் மூன்றையும் நான் படித்ததில்லை. காற்றைக் கையால் பிடித்து எறிகிற பெண்ணைக் கல்லூரியில் புவியியல் நடத்துகிறவள் எப்படி நம்புவது? ஆனால் அவளுக்கு அந்தச் சக்தி எங்கிருந்து வந்தது என்று சொல்லும் இந்த முன்கதையை என் தம்பி லட்டோடு கொண்டுவந்து நீட்டியபோது மறுக்க முடியவில்லை. பொள்ளாச்சி பஸ்ஸில் உட்கார்ந்து பிரித்தால், மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு சூனியக்காரி வருகிறாள், சூறைச்செல்விக்கு அத்தையாம், கறுப்புக் கயிற்றில் மூக்குக்கண்ணாடி தொங்குகிறதாம், பச்சை நிற இரும்புக் கழுதையில் ஏறி வருகிறாளாம், யார் எதைச் சொன்னாலும் "ஆதாரம் என்ன?" என்று கேட்பாளாம், கேட்கப்பட்டவர் அந்த இடத்திலேயே கல்லாகிவிடுவாராம். பெயர் கோதாவரி. மௌனிகா, நதியை மாற்றிவிட்டால் ஆள் மாறிவிடுவாளா? என் ஸ்கூட்டர் என்ன நிறம்?

அதோடு விட்டாயா? சூறைச்செல்வி வயதுக்கு வந்ததும் நடக்கிற திரட்டிச் சீரில் அந்தக் கோதாவரி சொம்புத் தண்ணீரில் சாபத்தை முணுமுணுத்துத் தலையில் ஊற்றுகிறாள், சாபம் தடம்புரண்டு சக்தியாகிவிடுகிறது. உன் சீரில் நான் ஊற்றியது பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீர். நான் முணுமுணுத்தது, "பிள்ளைக்குக் குளிருது, சீக்கிரம் முடிங்க" என்பது. இதைப் பார்த்தவர்கள் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார்கள்.

இந்த ஊர் புத்தகம் படிக்கும் என்று யார் கண்டார்கள்? பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி, "ஏனுங் டீச்சர், அந்தக் கோதாவரி நீங்கதானுங்களா?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் எழுந்து முன்னால் போய் நின்றுகொண்டாள். வகுப்பில் ஒருத்தியிடம் வழக்கம்போல "ஆதாரம் என்ன?" என்றேன், கடைசி பெஞ்ச் முழுக்க அசையாமல் கல்லாக உட்கார்ந்துவிட்டது, மணி அடித்த பிறகுதான் உயிர் வந்தது. வீட்டில் உன் மாமா பக்கத்துக்குப் பக்கம் சிரிக்கிறார். அவரையும் கல்லாக்கிப் பார்த்தேன், பலிக்கவில்லை.

இதெல்லாம் போகட்டும். நேற்று நம் குப்பண்ணன் வந்தார். பெரியப்பா மகன், எனக்குச் சொந்த அண்ணன் மாதிரி. அவர் மகள் தர்ஷிகாவுக்கு ஞாயிற்றுக்கிழமை திரட்டிச் சீர். அத்தை முறைக்காரி நான்தான் முதல் சொம்பு ஊற்ற வேண்டும். வந்தவர் காப்பியைத் தொடவில்லை.

"அம்மிணி, தப்பா நெனச்சுக்காத. தண்ணி ஊத்தறதுக்குக் கோவிந்தாபுரத்து மருதாத்தாள வரச் சொல்லிட்டேன். நீ பந்தியப் பாத்துக்க."

"அண்ணா, அது கதைங்ண்ணா!"

"கதைதான் அம்மிணி, எனக்குத் தெரியாதா? ஆனாலும் ஒரே புள்ள பாரு."

இந்தச் சீரெல்லாம் பெண் குழந்தையைக் கூசவைக்கிற வேலை என்று காலமெல்லாம் சொல்லிவந்தவள் நான். மருதாத்தாளும் அவருக்கு ஒன்றுவிட்ட தங்கைதான், அவள் ஊற்றினால் ஊற்றட்டும் என்று சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அவர் போன பிறகு வாசலிலேயே நின்றிருந்தேன். அந்தப் பிள்ளை பிறந்த அன்று அவளை முதலில் கையில் வாங்கியவள் நான். பந்தியில் பாயசம் தீர்ந்ததா என்று பார்க்கவா நான் அத்தை?

ஆகவே நீ உடனே குப்பண்ணனைக் கூப்பிட்டு, கோதாவரி முழுக்க முழுக்கக் கற்பனை என்று சொல்ல வேண்டும். அடுத்த பதிப்பில் அவளை எடுத்துவிட வேண்டும். முடியாதென்றால் கண்ணாடியையும் ஸ்கூட்டரையுமாவது எடுத்துவிடு.

வேளைக்குச் சாப்பிடு, கண்ணுக்கு ஓய்வு கொடு, இன்னும் நிறைய எழுது, ஆனால் வேறு யாருடைய சொந்தக்காரர்களையாவது எழுது. உனக்கு எல்லா நன்மையும் சேரட்டும்.

இப்படிக்கு,
உன் அத்தை (நிஜமானவள்),
நர்மதா

பி.கு.: தபாலில் சேர்க்காமல் வைத்திருந்தேன். இன்று ஞாயிறு மாலை. காலையில் தர்ஷிகா அறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாளாம். "கோதாவரி அத்தை ஊத்துனாத்தான் வருவேன். மருதாத்தா அத்தை ஊத்துனா எனக்கு என்ன வரும்? சளிதான் வரும்!" குப்பண்ணனே கார் எடுத்துக்கொண்டு வந்து என்னை அழைத்துப் போனார். சொம்பைத் தூக்கியதும் அவள், "எதாச்சும் சொல்லுங்கத்த" என்று கெஞ்சினாள். வேறெதுவும் தோன்றவில்லை, "ஆதாரம் என்ன?" என்றேன். அந்த நேரம் பார்த்து அடித்த காற்றில் பந்தல் துணி பிய்த்துக்கொண்டு தென்னை மரத்தில் போய் உட்கார்ந்தது. தை மாதத்தில் பாலக்காட்டுக் கணவாயில் கீழைக்காற்று அப்படித்தான் அடிக்கும் என்று விளக்கினேன். யாரும் கேட்கவில்லை. மருதாத்தாள் கைகூப்பினாள்.

எதையும் மாற்ற வேண்டாம். ஸ்கூட்டர் இருக்கட்டும். ஆனால் கடைசி அத்தியாயத்தில் கோதாவரி செத்துப்போகிறாள் என்று தர்ஷிகா அழுகிறாள். மௌனிகா, அவளைக் கொல்ல உனக்கு எப்படி மனம் வந்தது?