ஏறி இறங்கிய மஃப்ளர்

இது நான் நேரில் பார்த்த கதை இல்லை. எங்கள் அலுவலகக் கட்டடத்து வாட்ச்மேன் சொன்னது. கதையில் வரும் லிஃப்ட் மெக்கானிக்குக்கு அவர் பக்கத்து வீட்டுக்காரர். நடுவில் ஒரே சுவர், பேச்செல்லாம் காதில் விழும் என்றார். விழாததை அவரே சேர்த்திருக்கவும் கூடும். மெக்கானிக்கிடமே கேட்டுவிட எனக்குத் தைரியம் வரவில்லை. ஒரே ஒரு விஷயத்தை மட்டும் பிற்பாடு நானே போய்ப் பார்த்துக்கொண்டேன்.

மெக்கானிக்குக்கு உலகத்தில் இரண்டு பயம். ஒன்று லிஃப்ட் கம்பி, இன்னொன்று மனைவி. கம்பியாவது அறுவதற்கு முன்னால் ஒரு முனகல் முனகும்.

மனைவி ஒரு தையல் கடையில் வேலை பார்த்தவள். புதிதாகத் தைப்பது அவள் வேலையில்லை. மற்றவர்கள் தைத்ததைப் பிரித்து அளவை மாற்றிக் கொடுப்பாள். ஊசி போன தடம் தெரியாமல் பிரிப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு கடைக்குப் போவது நின்றது, டயாலிசிஸுக்குப் போவது தொடங்கியது. அந்த அறையில் எப்போதும் ஏசி. உடம்பிலிருந்து ரத்தம் வெளியே போய்க் கழுவிக்கொண்டு திரும்பி வருவதற்குள் அவளுக்குப் பல் தந்தியடிக்கும்.

"என் ரத்தத்தை ஃப்ரிட்ஜ்ல வெச்சுட்டுத் திருப்பித் தர்றாங்க" என்பாள்.

அதைப் பார்த்துக்கொண்டு உட்கார அவரால் முடியாது. வெளியே போவார், சிகரெட் பிடிப்பார், பெப்பர்மின்ட் சப்பிக்கொண்டு உள்ளே வருவார்.

"வாயில பெப்பர்மின்ட், சட்டையில சுடுகாடு" என்றாள் ஒருநாள்.

"பக்கத்துல நின்னவன் பிடிச்சான்."

"நின்னவன் உங்க சட்டைப் பைக்குள்ளயா நின்னான்? ஏங்க, டாக்டர் உங்க நெஞ்சைத் தட்டிப் பார்த்துட்டு என்ன சொன்னாரு? வீட்டுக்கு ஒரு நோயாளி போதும். நான் போய்ட்டா உங்க இருமலை யாரு கேட்கிறது? வாட்ச்மேன் அண்ணனா?"

"கேட்கிறேனே, இப்பவே சுவர் வழியா கேட்குதே" என்று தான் நினைத்துக்கொண்டதாக வாட்ச்மேன் சொன்னார். இந்தப் பேச்சு நடந்தது ஆஸ்பத்திரியில் என்று நான் சொன்னதற்கு, "வீட்டுலயும் இதேதான் தம்பி" என்றார்.

அங்கிருந்த நர்ஸ்தான் வழி சொன்னாள். கை சும்மா இருந்தால்தான் சிகரெட்டைத் தேடும் என்று ஒரு பிளாஸ்டிக் வளையத்தைக் கொடுத்தாள். அதற்குப் பெயர் லூம். சுற்றிலும் விரல் நீளத்துக்கு முளைகள். முளைகளில் உல்லன் நூலைச் சுற்றி, மறுபடி ஒரு சுற்று சுற்றி, கீழே இருப்பதைக் கொக்கியால் தூக்கி மேலே இருப்பதைத் தாண்டி உள்ளே தள்ள வேண்டும். தள்ளத் தள்ளப் பின்னல் வளையத்துக்குள் இறங்கி வளரும். இரண்டு கையும் வேண்டும். சிகரெட்டுக்கு மூன்றாவது கை கிடையாது.

மெக்கானிக் அன்றைக்கே ஒரு பெரிய சபதம் எடுத்தார். சபதங்கள் விஷயத்தில் அவர் தாராளமானவர்.

"உனக்கு என் கையாலயே ஒரு மஃப்ளர். அதை முடிச்சு உன் கழுத்துல போடுற வரைக்கும் சிகரெட்டைத் தொட மாட்டேன். உன் மேல சத்தியம்."

"முடிச்ச அப்புறம்?"

"முடிச்ச அப்புறம்... ஒண்ணே ஒண்ணு. ஜெயிச்சதுக்கு."

அவள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சிரித்தாள். சந்தோஷத்தில் சிரிக்கிறாள் என்று அவர் எடுத்துக்கொண்டார். கணவர்கள் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள்.

"சரி. ஆனா முழங்கால் வரைக்கும் தொங்கணும். ஒரே கலர். வேற நூல்ல ஒட்டுப் போட்டா செல்லாது."

கடைக்கு அவளே கூட வந்து செங்கல் நிறத்தைத் தேர்ந்தெடுத்தாள்.

"ஏன் இது?"

"சாம்பல் விழுந்தா பளிச்சுனு தெரியும்."

மெக்கானிக் பின்ன ஆரம்பித்தார். காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் பின்னினார், ஆஸ்பத்திரியில் பின்னினார். லிஃப்டைவிட இது சுலபம், ஏறுவது மட்டும்தான், இறங்குகிற வேலையே இல்லை என்று நினைத்தார்.

இறங்கியது.

"அண்ணே, காலையில முழம் இருந்துச்சு. சாயங்காலம் வந்து பார்த்தா ஒரு சாண்கூட இல்ல" என்று வாட்ச்மேனிடம் வந்து நின்றார்.

"உல்லன்தானே? வெயிலுக்குச் சுருங்கும்."

"நேத்து மழைண்ணே."

"மழைக்கும் சுருங்கும்."

"உருண்டையும் குறையவே மாட்டேங்குது."

"அது ராசியான உருண்டை. பேசாம பின்னு."

வேலைக்கே எடுத்துப் போய், மொட்டைமாடி மோட்டார் அறையில் உட்கார்ந்து பின்னிப் பார்த்தார். அன்று மட்டும் சுருங்கவில்லை. ஆனால் ஓரத்தில் கிரீஸ் பட்டுவிட்டது. "கழுத்துல போடுறதுக்கா, கப்பியில போடுறதுக்கா?" என்று கேட்டு, அத்தனையையும் அவர் கண்ணெதிரிலேயே பிரித்து, நூலை அலசிக் காயப்போட்டாள் மனைவி. அதோடு மஃப்ளர் வீட்டு வாசலைத் தாண்டினால் ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான் என்று உத்தரவு.

சந்தேகம் தீர டேப் வைத்து அளந்தார். டேப்பின் மறுமுனையைப் பிடித்தவள் மனைவி.

"நேத்தும் இதேதாங்க இருந்துச்சு" என்றாள்.

தையல்காரி சொன்னால் அளவு சரியாகத்தான் இருக்கும். கோளாறு தன் கையில் என்று முடிவு கட்டினார். கொக்கியைத் திட்டினார், தன் தடித்த விரல்களைத் திட்டினார். ஏசி அறையில் அவள் நடுங்கும்போதெல்லாம், மடியில் வளராமல் கிடக்கும் அந்தச் சாண் துணியைப் பார்த்துக் கொக்கியை இன்னும் வேகமாக ஓட்டுவார்.

"இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கோ. முடிச்சிடுவேன்."

"அவசரம் ஒண்ணுமில்லங்க" என்பாள்.

அவசரம் உண்டு என்று அவருக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

ஒருநாள் கை கால் வீங்கி, மூச்சு முட்டி, அவளை ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொண்டார்கள். மெக்கானிக் வீட்டில் தனியாக உட்கார்ந்து பின்னினார். வேலைக்குப் போய் வந்தார். பார்த்தால் காலையில் விட்ட இடத்திலேயே இருந்தது மஃப்ளர். மறுநாளும் இறங்கவில்லை. சர்ரென்று ஏறியது. உருண்டை கரைந்தது. கை பழகிவிட்டது என்று முதலில் குதித்தார். கொஞ்சம் கழித்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். வீட்டில் மாறியது தன் கை இல்லை என்பது உறைக்க அவ்வளவு நேரம் ஆயிற்று.

மஃப்ளரை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். கட்டிலில் கிடந்தவள் முகத்துக்கு முன்னால் ஆட்டினார்.

அவள் முகம் சுருங்கியது. "இவ்ளோ வளர்ந்துடுச்சா?"

"நீதான் பிரிச்சியா?"

"லிஃப்ட் மெக்கானிக்குக்கு இதைக் கண்டுபிடிக்க இவ்ளோ நாளா?"

"அடிப்பாவி! நான் ஏத்த ஏத்த நீ இறக்கியிருக்க!"

"எதிர்ப்பக்கம் கவுண்டர்வெயிட் இறங்கலைன்னா லிஃப்ட் ஏறாதுன்னு நீங்கதானே சொல்லுவீங்க?"

அவருக்குக் கோபம் வர வேண்டிய இடம். அழுகை வந்தது. அதை மறைக்கச் சத்தம் போட்டார். "உன் ஜாலமெல்லாம் முடிஞ்சுது. இன்னும் ஒரே ஒரு சாண். நாளைக்கு ஒரு உருண்டை வாங்குறேன், முடிக்கிறேன், உன் கழுத்துல போடுறேன்!"

"எந்தக் கடையில?"

"நாம வாங்கின கடையிலதான்."

"அதே கடைதான். வேற கடை நூலுன்னா சாயம் மாறும்" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

மறுநாள் கடையில் அந்த நிறம் தீர்ந்துவிட்டதாகச் சொல்லிவிட்டார்கள். அடுத்த முறை போனபோதும் வரவில்லை என்றார்கள்.

அதற்கு மேல் அவர் காத்திருக்கவில்லை. பின்னி முடிக்காத மஃப்ளரை அப்படியே கொண்டுபோய், ஒரு நுனியில் வளையம் தொங்கத் தொங்க, அவள் கழுத்தைச் சுற்றிப் போட்டுவிட்டார். அவள் மூச்சு வாங்கும்போதெல்லாம் வளையம் கட்டில் கம்பியில் டொக் டொக்கென்று இடித்தது.

"கதகதன்னு இருக்குங்க" என்றாள். பிறகு வளையத்தைத் தடவிப் பார்த்தாள். "முடியலையே?"

"முடியல."

"அப்ப ஒண்ணே ஒண்ணும் கிடையாது."

அவர்கள் கடைசியாகப் பேசிக்கொண்டது அதுதான் என்று வாட்ச்மேன் சொல்கிறார். அந்த வாரமே அவள் போய்விட்டாள்.

மஃப்ளர் இப்போது அவர் வீட்டுச் சுவரில், வளையத்தோடு ஆணியில் தொங்குகிறதாம். மாதம் தவறாமல் அந்தக் கடைக்குப் போகிறார். "உள்ள போறதே இல்ல தம்பி. வாசப்படியிலயே நின்னு, 'செங்கல் கலர் வந்துச்சா'ன்னு கேட்பான். வரலைன்னதும் திரும்பிடுவான். சிகரெட்டைத் தொடல. சுவருக்கு அந்தப் பக்கம் இருமல் சத்தமே இல்ல. எனக்குத்தான் தூக்கம் வர மாட்டேங்குது" என்றார் வாட்ச்மேன்.

நான் அந்தக் கடையைத் தேடிப் போனேன். உள்ளே ஒரு தட்டு முழுக்கச் செங்கல் நிற உருண்டைகள்.

"இது புதுசா வந்ததா?" என்று கேட்டேன்.

"எப்பவும் இருக்கிறதுதான்" என்றார் கடைக்கார அம்மா. நான் ஏன் கேட்கிறேன் என்று சொன்னதும் அவர் குரல் தணிந்தது. "ஆஸ்பத்திரியிலேர்ந்து ஒரு அம்மா போன் பண்ணாங்க. சட்டைப் பையில ஸ்க்ரூடிரைவரோட ஒருத்தர் வருவாரு, இந்தக் கலர் கேட்பாரு, இல்லைன்னு சொல்லிடுங்கன்னாங்க. எது வரைக்கும்னு சொல்லல. நானும் சொல்லிக்கிட்டே இருக்கேன்."

வெளியே வந்த பிறகு, மெக்கானிக் நிற்பதாகச் சொன்ன வாசற்படியில் நின்று திரும்பிப் பார்த்தேன். அந்தத் தட்டு நேர் எதிரே, கண் மட்டத்தில் இருக்கிறது. அங்கிருந்தே செங்கல் நிறம் பளிச்சென்று தெரிகிறது.