கேட் வரைக்கும் தார்ரோடு

காலையில் வாசலுக்கு வந்த அமைச்சர் அப்படியே நின்றுவிட்டார். தெருமுனையிலிருந்து அவர் வீட்டு கேட் வரைக்கும் புத்தம்புதுத் தார்ரோடு. கேட்டைத் தாண்டினால் பழைய குண்டும் குழியும்தான்.

சாலைத் துறைக்கு அவர் அமைச்சராகிப் பதினோரு நாள்தான் ஆகிறது.

எதிர்வீட்டுப் பல் டாக்டர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். "வாழ்த்துகள் சார்!"

சுருக்கென்று தைத்தது.

"நல்லாத்தானே இருக்கு, விடுங்களேன்" என்றாள் மனைவி.

"எப்படி விடறது? நானும் மத்த அமைச்சருங்க மாதிரி ஆயிட்டேன்னு ஊரே சிரிக்கும்."

கட்சியில் லஞ்சத்துக்குக் கை நீட்டாத ஒரே ஆள் அவர்தான். முப்பது வருஷத்தில் அவர் சேர்த்த ஒரே சொத்து அந்தப் பெயர். பொறியாளரை உடனே வரவழைத்தார்.

"யார் போடச் சொன்னது?"

"யாரும் சொல்லலீங்கய்யா. அமைச்சர் வீடுன்னா வழக்கமா போடறதுதான்."

"பேர்த்தெடுங்க. தெரு முழுக்கப் போடும்போது எனக்கும் போட்டாப் போதும்."

பொறியாளருக்குக் கண் கலங்கியது. "இப்படி ஒருத்தரை நான் பார்த்ததே இல்லீங்கய்யா. இதுல ஒரு கையெழுத்து மட்டும்..."

போட்டார்.

மறுநாள் வந்த இயந்திரம், ரோட்டோடு தண்ணீர்க் குழாயையும் சேர்த்துப் பேர்த்தது. வீங்கிய கன்னத்தை ஒரு கையிலும் செருப்பை மறு கையிலும் பிடித்துக்கொண்டு, டாக்டரின் நோயாளிகள் முழங்கால் தண்ணீரில் நடந்தார்கள். குழாயை மாற்ற அமைச்சர் கையெழுத்துப் போட்டார். அதற்காகத் தெருவின் மறுபாதியையும் தோண்டினார்கள்.

"எங்கம்மா நாளைக்கு வராங்க. தெருமுனையிலேருந்து நீங்கதான் தூக்கிட்டு வரணும்" என்றாள் மனைவி.

மாமியாரின் எடையை நினைத்ததும் அமைச்சருக்குக் கோபம் தலைக்கேறியது. விசாரணைக் குழு அமைத்துக் கையெழுத்திட்டார். குழுவின் ஆறு கார்களும் தெருவுக்குள் நுழைய முடியவில்லை. அவசரமாக ஒரு ஜல்லிப் பாதை போட வேண்டியதாயிற்று. அதற்கும் கையெழுத்து. அந்தப் பாதையிலேயே வந்து இறங்கிய குழு, ஜல்லிப் பாதை விதிகளுக்குப் புறம்பானது, அகற்ற வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனது.

அதற்கும் ஒரு கையெழுத்து.

கடைசியில் அமைச்சரே குடையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்று, கடைசி வீடு வரைக்கும் ரோடு போட வைத்தார். பல் டாக்டர் மாடியை விட்டு இறங்கி வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்களைத் தப்பா நினைச்சுட்டேன் சார்."

அமைச்சர் நிமிர்ந்து நின்று குடையை மடக்கினார். இந்த ஆட்சியிலும் நேர்மையாக இருந்து காட்டியாயிற்று!

அப்போது ரோடு போட்ட மேஸ்திரி ஒரு பூங்கொத்தோடு வந்து நின்றார்.

"ஒரு இதழ்கூட வாங்கமாட்டேன். எடுத்துட்டுப் போங்க!"

"அது தெரியுங்கய்யா. எங்க முதலாளி நன்றி சொல்லிக் குடுத்துவிட்டாரு."

"யாரு உங்க முதலாளி?"

"நம்ம கட்சித் தலைவரோட மச்சான்தாங்க. தோண்டினது, மூடினது, போட்டது எல்லாமே அவரோட ஒப்பந்தம்தானே!"

அமைச்சர் பதறினார். "அவருக்கு நான் எதுவுமே செய்யலையே!"

மேஸ்திரி சிரித்தார். "என்னய்யா இப்படிச் சொல்லிட்டீங்க? பழைய அமைச்சர் வாங்கித் தின்னவரு, மாட்டிக்குவோமேன்னு பயந்து ஒரு ரோட்டுக்கு ஒரே கையெழுத்துதான் போடுவாரு; அதனாலதானே தலைவரும் மச்சானும் உக்காந்து யோசிச்சு, நேர்மையான ஆளாத் தேடிப் பிடிச்சு உங்களை அமைச்சராக்கினாங்க!"