தலைவரை இறக்கிய கோல்ட்கோஸ்ட்டார்

கோல்ட்கோஸ்ட் தேசத்துச் சட்டத்தை வைத்துக்கொண்டு ரசத்துக்குத் தீர்ப்புச் சொன்ன ஒரே தமிழர் இந்தப் பூலோகத்தில் மலாய் நாட்டில் எங்கள் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே மெஸ்ஸில்தான் இருந்தார். எந்த மேடையிலும் ஏறி இதைச் சத்தியம் பண்ணிச் சொல்வேன்.

அவருடைய சொந்தப் பெயர் ரயில்வே சம்பளப் பட்டியலுக்கு மட்டுமே தெரியும். எங்களுக்கு அவர் கோல்ட்கோஸ்ட்டார். மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கும் அந்த இங்கிலீஷ் காலனியை அவர் கண்ணால் கண்டதில்லை. பக்கத்து ஊரான கிள்ளானைத் தாண்டினாலே அவருக்குத் தலை சுற்றும். பத்து ரோடு என்கிற கடைத்தெருவில், பழைய புத்தகக் கடையில் அட்டை போன தடித்த புத்தகம் ஒன்று அகப்பட்டது, அவ்வளவுதான். மற்றவர்கள் சீட்டாடினார்கள், காதலித்தார்கள், காங்கிரஸ் பேசினார்கள். இவர் அங்குள்ள அசாந்தி ஜனங்களின் ராஜ்ய பரிபாலனம் பேசினார். பல் விளக்கும்போதும் பேசினார்.

"தம்பி, அங்க தலைவன் வெறுங்காலைத் தரையில வைக்கக் கூடாது, தெரியுமா?" என்பார், வாய் நிறைய நுரையோடு.

"வச்சா?"

"தேசத்துக்கே கேடு. அதனால எப்பவும் செருப்பு."

"குளிக்கிறப்போ என்னண்ணே பண்ணுவான்?"

முறைத்தார். புத்தகத்தில் அந்தப் பக்கம் கிழிந்திருந்தது போலும்.

எங்கள் மெஸ்ஸுக்குத் தலைவர் தணிகாசலத்தண்ணன். ஆபீசிலும் அவர்தான் எங்களுக்குத் தலைமைக் கிளார்க்கு. அவர் தொண்டையைத் திறந்தால் பங்சார் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். ஒருநாள் சமையல்காரர் வீராசாமியின் ரசத்தை வாயில் வைத்துவிட்டு அவர் தொண்டையைத் திறக்கப்போன சமயம், கோல்ட்கோஸ்ட்டார் எழுந்து நின்றார்.

"அண்ணே, அசாந்தி தேசத்தில தலைவர் ஜனங்களோட நேருக்கு நேர் பேசறது மரியாதை இல்ல. தலைவரோட வாய் மாதிரி நடுவுல ஒருத்தர் இருப்பார். தலைவர் மெல்லச் சொன்னதை அவர் அலங்காரம் பண்ணிச் சபைக்குச் சொல்வார். அதுக்கு நான் இருக்கேன்."

தனக்கென்று ஒரு டவாலிச் சேவகன் கிடைத்தது போல அண்ணனுக்கு ஒரே குளிர்ச்சி. "சரி, கேளு. அந்தத் தடியன் வச்சது ரசமா, இஞ்சின் கழுவின தண்ணியா?"

கோல்ட்கோஸ்ட்டார் சமையற்கட்டு வாசற்பக்கம் திரும்பினார். "வீராசாமி, ரசத்தோட தெளிவு அபாரம்ங்கிறார் தலைவர். துளி புளி சேர்ந்தா இன்னும் விசேஷமாம்."

"யோவ், நான் எங்கய்யா அப்படிச் சொன்னேன்?"

"கருத்து அதுதானே அண்ணே!"

மறுநாள் ரசத்தில் புளி இருந்தது. திட்டிய காலத்தில் வராத புளி! அதிலிருந்து மெஸ்ஸில் அலங்கார ஆட்சி நடந்தது.

பிறகு ஒரு மத்தியானம் அண்ணன் சொன்னார்: "கிள்ளான்லேர்ந்து என் மச்சான் சமைக்க வரான். வீராசாமி இந்த மாசத்தோட கெளம்பட்டும்."

இதை எப்படி அலங்கரிப்பது? அலங்காரத்துக்குக் காத்திராமல் வீராசாமியே வாசலுக்கு வந்துவிட்டார். வீராசாமியின் பெண்சாதி சமையற்கட்டுக்குப் பின்னால் ஒற்றை அறையில் நிறைமாதமாக இருந்தாள். "பிள்ளை பொறக்கற வரைக்குமாவது, சாமி..." என்றார் வீராசாமி. நாங்கள் எல்லாரும் தட்டைப் பார்த்தோம். எங்கள் லீவும் பிரமோஷனும் அண்ணனின் பேனாவில் இருந்தன.

அன்று சாயங்காலம் குழாயடியில் கோல்ட்கோஸ்ட்டார் சபை கூட்டினார். "அநியாயம் பண்ற தலைவனை அங்க ஜனங்களே இறக்கிடுவாங்க. செருப்பைக் கழட்டி, ஆசனத்தை உருவணும். கால் தரையில பட்டுதோ, தலைமை போச்சு."

"ஆப்பிரிக்காவுல சட்டமா? சிங்கந்தான் மாஜிஸ்ட்ரேட்டோ?" என்றான் எங்கள் ஆபீசில் தந்தி அடிக்கும் ராமையா.

"அவங்க தலைக்கு மேலயும் வெள்ளைக்காரன் இருக்கான், நம்ம தலைக்கு மேலயும் இருக்கான். அவங்களுக்குத் தலைவனை இறக்கத் தெரியும். உனக்கு லீவு கேக்கவாவது தெரியுமா?"

ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் காரியம் என்று முடிவாயிற்று. செருப்பு கோல்ட்கோஸ்ட்டாருக்கு, நாற்காலி எனக்கும் ராமையாவுக்கும்.

ஞாயிறு வந்தது. கோல்ட்கோஸ்ட்டார் கோட்டுப் போட்டிருந்தார். ராமையா ஊறுகாயை ஆராய்ச்சி பண்ணிக்கொண்டிருந்தான். நான் அண்ணனின் நாற்காலிக்குப் பின்னால் நின்று அதன் முதுகைப் பிடித்தேன். என் தைரியம் பிடித்ததோடு நின்றுவிட்டது. கோல்ட்கோஸ்ட்டார் ஒரு கணம் எங்களைப் பார்த்தார். பிறகு தனியாகவே போய், அண்ணன் முன்னால் மண்டியிட்டு, இடது செருப்பை உருவினார். வலது செருப்பையும் உருவினார்.

தணிகாசலத்தண்ணனின் முகம் வெண்ணெயாக உருகியது.

"அட, என்னய்யா இது! எழுந்திரு, எழுந்திரு. நல்லா இரு!" தலையில் கை வைத்து ஆசீர்வாதமே பண்ணிவிட்டார். கூடப் பிறந்த தம்பிகள்கூட அவர் காலில் விழுந்ததில்லையாம்.

மேஜைக்கு அடியிலிருந்து நடுங்கிய குரல் வந்தது: "உங்களைத் தலைமையிலேர்ந்து இறக்கியாச்சு."

"என்ன முனகறான்?" என்று அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

என் நாக்கில் எந்தத் தெய்வம் ஏறியதோ! "வீராசாமி குடும்பத்தை அனுப்பிடாதீங்கன்னு உங்க காலைப் புடிச்சுக் கேக்கறார் அண்ணே."

"இதுக்கா? வாயால கேட்டா மாட்டேன்னா சொல்லப்போறேன்? இருக்கட்டும்யா. மச்சானுக்கு வேற எடம் பாத்துக்கலாம்."

சமையற்கட்டில் கரண்டி விழுந்த சத்தம் கேட்டது.

சட்டப்படி அன்றிலிருந்து எங்கள் மெஸ்ஸுக்குத் தலைவர் கிடையாது. அண்ணன் இன்னமும் ஆண்டுகொண்டிருக்கிறார். இறக்கப்பட்ட சங்கதி அவருக்கு மட்டும் எட்டவில்லை. அவர் வாரப் பத்திரிகை படிப்பதில்லை என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

கோல்ட்கோஸ்ட்டார் எழுந்து, முழங்காலைத் தட்டிவிட்டு, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. சரித்திரத்தையே கெடுத்துவிட்ட துரோகி அல்லவா நான்! வீராசாமி வந்து, பொரித்த மீனின் நடுத்துண்டாகப் பொறுக்கி அவர் தட்டில் வைத்துவிட்டுப் போனார். கோல்ட்கோஸ்ட்டார், அந்தக் கோபம் மாறாத முகத்தோடேயே, துண்டை எடுத்து என் தட்டில் வைத்தார்.

நான் அதை முள்ளைக்கூட மிச்சம் வைக்காமல் தின்றேன்.