இருபதாவது ஒப்பந்தம்

கண் டாக்டர், எலும்பு டாக்டர், பல் டாக்டர் எல்லாரையும் பார்த்திருப்பீர்கள். கைகோர்க்கும் டாக்டரைப் பார்த்திருக்கிறீர்களா? யாரைச் சந்தித்தாலும் இரண்டாவது நிமிஷத்தில் "நாம சேர்ந்து ஏதாவது செய்யணும் சார்" என்பார். என்ன செய்வது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். முகம் வாடிப்போகும், பாவம்.

இந்த இனத்தில் அசல் சரக்கு வேண்டுமென்றால் ஓசூருக்குத்தான் வர வேண்டும். டாக்டர் மாதேஷ், குழந்தை மருத்துவர், மருத்துவர் சங்கத்தின் ஓசூர்க் கிளைக்கு ஆறு வருடமாகச் செயலாளர். இந்த ஆறு வருடத்தில் அவர் ரோஜா விவசாயிகளோடு, ராயக்கோட்டைத் தக்காளி வியாபாரிகளோடு, சிறுதொழில் முதலாளிகளோடு, இரண்டு யோகா நிலையங்களோடு, ஓர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியோடு, போதாக்குறைக்கு எல்லை தாண்டிப் போய் அத்திப்பள்ளி இறகுப்பந்துக் குழுவோடும் (இது மட்டும் 'மாநிலங்களுக்கு இடையிலான ஒத்துழைப்பு'), இன்னும் பலரோடும் ஆகமொத்தம் பத்தொன்பது புரிந்துணர்வு ஒப்பந்தங்களில் கையெழுத்துப் போட்டு, பொன்னாடை மாற்றி, நீல ஃபைலை விரித்துப் பிடித்துப் படம் எடுத்திருந்தார். உள்ளே என்ன எழுதியிருக்கும்? 'இரு தரப்பும் பரஸ்பரம் ஒத்துழைக்கும்.' அவ்வளவுதான். தக்காளி வியாபாரிகள் மட்டும் ஒருமுறை இரண்டு கூடை தக்காளி அனுப்பி ஒத்துழைத்தார்கள்.

அப்படியானால் சங்கத்து உறுப்பினர்கள்? இருக்கிறார்கள், வாட்ஸப்பில். இருநூற்றுப் பதினான்கு பேர். மாதேஷ் எந்த அறிவிப்பு போட்டாலும் ஐந்து நிமிஷத்தில் நூற்றைம்பது கட்டைவிரல் எழும்பும். கூட்டத்தன்று ஒருவருக்குப் பிரசவ கேஸ், ஒருவர் சூளகிரியில் டிராஃபிக்கில், ஒருவர் பெங்களூரில் ரிசப்ஷனில். மாதேஷ் அதற்கெல்லாம் மனம் தளர்கிறவரா? வந்த ஐந்து பேரை நெருக்கி நிற்கவைத்து, கேமராவைக் கிட்டத்தில் வைத்து எடுக்கச் சொல்வார்.

இப்படிச் சௌகரியமாகப் போய்க்கொண்டிருந்தபோது தலைமையிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. பொதுக்குழுவுக்குக் குறைந்தது முப்பது உறுப்பினர் வர வேண்டும். ஓசூரில் இரண்டு முறை வரவில்லை. மூன்றாம் முறையும் வராவிட்டால் கிளை கிருஷ்ணகிரியோடு இணைக்கப்படும்.

கிருஷ்ணகிரியில் ஏற்கெனவே ஒரு செயலாளர் இருக்கிறார். படத்தில் நடுவில் அவர்தான் நிற்பார். மாதேஷ் ஓரத்தில், பாதித் தோள் வெட்டுப்பட்டு! அந்த நினைப்பிலேயே அவருக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் தமக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தார். பத்தொன்பது கூட்டாளிகளையும் பொதுக்குழுவுக்கு அழைத்தார்.

ஞாயிறு காலை பத்தரைக்குச் சங்கக் கட்டடம் நிரம்பி வழிந்தது. இறகுப்பந்துக்காரர்கள் பனியனோடே வந்திருந்தார்கள். மாதேஷுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியதம்பி வருகைப் பதிவேட்டோடு வந்து நின்றார்.

"எண்பத்தாறு பேரு வந்துகிறாங்க சார்."

"பாத்தியா பெரியதம்பி!"

"அதுல டாக்டருங்க ஏழு பேருதான் சார். உங்களையும் சேத்து."

மாதேஷ் மேடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்த ஏழில் ஒருவர் டாக்டர் கௌசர், மயக்க மருந்து நிபுணர். ஆலைகளில் வேலை செய்யும் பெண்கள் தங்கியிருக்கும் விடுதியில் வியாழன்தோறும் ரத்தசோகை பார்க்க ஆள் வேண்டுமென்று வாட்ஸப் குழுவில் மூன்று முறை கேட்டவர். மூன்று முறையும் மாதேஷ் தவறாமல் கட்டைவிரலைத் தூக்கியிருந்தார். அந்த அம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஃபோன் பண்ணிப் பாக்கட்டுமா சார்? வியாழக்கிழமைக்கு மாத்தி மாத்தி வர்றவங்க இருபத்தஞ்சு பேரு இருக்காங்க."

"நம்ம மெம்பருங்களா? எப்பிடிம்மா புடிச்சீங்க?"

"ஒவ்வொருத்தரா கேட்டேன் சார். உங்களுக்கு எந்த வியாழன் தோதுன்னு."

மாதேஷுக்கு இது விளங்கவில்லை. ஒப்பந்தம் இல்லாமலா? கௌசர் அதற்குள் ஒவ்வொருவராக ஃபோனில் பேச ஆரம்பித்துவிட்டார். "வினோதா, மாத்திரை வாங்க இன்னிக்கு தீர்மானம் போடணும். எத்தனை பொண்ணுங்களுக்கு வேணும்னு உங்க நோட்டுலதான இருக்கு? எடுத்துட்டு வாங்க." "சமியுல்லா அண்ணா, நீங்க பாத்த அந்த ராயக்கோட்டைப் பொண்ணு கேஸ நீங்களே வந்து சொல்லுங்க."

நாற்பது நிமிஷத்தில் வந்தார்கள். ஒருவர் ஆபரேஷன் தியேட்டர் செருப்போடு, ஒருவர் வீட்டுக்கு வாங்கிய கறிப் பையோடு. பெரியதம்பி பதிவேட்டில் விரலை வைத்து எண்ணினார். இருபத்தெட்டு. இருபத்தொன்பது. டாக்டர் வினோதா நோட்டுப் புத்தகத்தோடு வேர்க்க விறுவிறுக்க உள்ளே நுழைந்தார். முப்பது!

கிளை பிழைத்தது. மாதேஷின் கண்கள் கலங்கின. அதில் நடிப்பு இல்லை. மாத்திரைத் தீர்மானம் நிறைவேறியதும் வினோதா எழுந்தார்.

"வர்ற வியாழன் ரெண்டு மணிக்கு ஒரு டாக்டர் குறையுது. நீங்க வர்றீங்களா சார்?"

மாதேஷ் நெகிழ்ந்துபோய் மைக்கைப் பிடித்தார். சங்க வரலாற்றிலேயே மகத்தான நாள் என்றார். இந்த உணர்வை இப்படியே விட்டுவிடலாகாது என்றார். நீல ஃபைலை வரவழைத்தார். அங்கேயே இருபதாவது புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ஒரு தரப்பு, மருத்துவர் சங்கத்தின் ஓசூர்க் கிளை. மறு தரப்பு, அதே கிளையின் உறுப்பினர்கள். கௌசருக்குப் பொன்னாடை. இறகுப்பந்துக்காரர்கள் கைதட்டினார்கள். படத்தில் மாதேஷ் நடுவில்.

புதன்கிழமை கௌசர் குழுவில் எழுதினார்: 'நாளை இரண்டு மணி. இன்னும் ஒரு டாக்டர் தேவை.' முதல் கட்டைவிரல் யாருடையது என்று சொல்ல வேண்டுமா? வியாழக்கிழமை விடுதி வாசலில் அறுபது பெண்கள் வரிசையில் நின்றார்கள். வினோதாவும் கௌசரும் ஆறரை மணி வரை ரத்தம் எடுத்தார்கள். மூன்றாவது நாற்காலி காலியாகவே இருந்தது. மாதேஷ் அப்போது தேன்கனிக்கோட்டையில், இருபத்தொன்றாவது கூட்டாளியோடு.

சிரிக்கிறீர்களா? நல்லது. போன வாரம் உங்கள் குடியிருப்புச் சங்கமோ, பள்ளிப் பெற்றோர் குழுவோ ஏதோ கேட்டதற்குக் கட்டைவிரலைத் தூக்கினீர்களே, எந்தத் தேதிக்கு, எதற்கு? ஃபோனைத் தொடாமல் சொல்லுங்கள் பார்க்கலாம்.