உமாராணிக்கு, புது டி ஸ்பேனர் செட் விஷயமாக

ஜோகூரில் மகள் வீட்டில் பேத்தியை வளர்க்கும் உமாராணிக்கு, சுங்கை லாலாங்கிலிருந்து உன் வீட்டுக்காரன் பரஞ்சோதி எழுதுவது.

இங்கு நான் சுகம், மோட்டார் சைக்கிள் ரிப்பேர்க் கடை சுகம், உன் கறிவேப்பிலைச் செடியும் சுகம். நீ சுகமாக இருப்பதைத் தினமும் வீடியோவில் பேத்தியின் நெற்றிக்குப் பின்னால் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்த்துக்கொள்கிறேன். போனில் சொல்வதை விட்டுக் கடிதம் எழுதுகிறானே என்று நினைக்காதே. போனில் நான் பேச ஆரம்பித்தால் பிள்ளை போனை வாயில் வைத்துக்கொள்கிறது, அப்புறம் எனக்குத் தெரிவது இருட்டும் எச்சிலும்தான். ரமணி கேட்டாளே, "அம்மா இன்னும் ஒரு வருஷம் இங்கேயே இருக்கட்டும்பா, நீங்க தனியா சமாளிச்சிருவீங்கதானே?" என்று, அதற்குத்தான் இந்தப் பதில். சமாளிப்பேன். தாராளமாக இரு. எப்படிச் சமாளிக்கிறேன் என்பதையும் எழுதிவிடுகிறேன், படித்தால் உனக்கு நிம்மதியாக இருக்கும்.

நீ போன பிறகு கடையில் ஒரு சின்னக் கோளாறு. மோட்டாரில் எஞ்சினைத் தாங்கும் நீள போல்ட் இருக்கிறதே, அதை இந்தப் பக்கம் திருப்பினால் அந்தப் பக்கத்து நட்டும் கூடவே சுற்றுகிறது. இத்தனை வருஷம் ஒழுங்காக நின்ற நட்டுக்கு இப்போது என்ன வந்தது? யோசித்துப் பார்த்து, நீளத் தண்டும் குறுக்குப் பிடியுமாக இருக்கும் நம் டி ஸ்பேனருக்குத்தான் வயசாகிவிட்டது என்று முடிவு பண்ணினேன். உடனே ஆன்லைனில் ஒரு செட் வாங்கினேன். சிவப்பு ரப்பர் பிடி, பார்க்க ஜோராக இருந்தது. முதல் போல்ட்டில் கொஞ்சம் அழுத்தினேன், தண்டு முறுக்கு மாதிரி முறுக்கிக்கொண்டது. நீ இருந்திருந்தால் வாங்கும்போதே, "அந்த ரப்பரப் பாத்து ஏமாறாதீங்க" என்று சொல்லியிருப்பாய். சொல்ல ஆள் இல்லாததால் வாங்கிவிட்டேன், அவ்வளவுதான், வேறொன்றும் இல்லை.

சரி, நல்லதாகவே வாங்குவோம் என்று சுங்கைப் பட்டாணியில் ஜைனல் நானாவின் ஹார்ட்வேர் கடைக்குப் போனேன். காலையில் போனவன் மதியம் வரை அங்கேயே இருந்தேன், வீட்டுக்கு வந்து என்ன பண்ணப் போகிறேன். நானா எல்லா செட்டையும் எடுத்துப் போட்டார். நான் ஒவ்வொன்றாகக் கண்ணாடி மேஜையில் உருட்டினேன். தண்டு கோணலாக இருந்தால் உருளும்போது ஆடும், அதை விட்டுவிட வேண்டும். போல்ட் தலையைக் கவ்வும் வாய் ஆறு மூலையாக இருக்க வேண்டும், பன்னிரண்டு மூலை வைத்தது போல்ட் தலையைத் தின்றுவிடும். கைப்பிடியை ஒரு தட்டுத் தட்டினால் தானாகச் சுற்ற வேண்டும். இப்படி உருட்டியதில் ஒன்று மேஜையைத் தாண்டி உருண்டு நானாவின் கால் கட்டை விரலில் விழுந்தது. மனுஷன் கோபிக்கவில்லை. "அண்ணே, பொண்ணு பாக்க வந்த மாதிரி பாக்குறீங்களே. அக்கா எப்ப வர்றாங்க?" என்றார். நான் ஸ்பேனர் சம்பந்தமாக மட்டும் பேசச் சொன்னேன். கடைசியில் நேரான தண்டு, மொட்டை இரும்புப் பிடி, ஆறு மூலை வாய், அருமையான ஒரு செட் அமைந்தது.

வாங்கிய நேரம் ஆயுத பூஜை வந்தது. நீ இல்லையென்றால் பூஜை நின்றுவிடுமா? நானே சந்தனம் கரைத்தேன். நீ எங்கே பொட்டு வைப்பாய் என்று நான் எந்த வருஷம் கவனித்தேன், தேங்காய் எப்போது உடைப்பாய் என்றுதானே பார்த்துக்கொண்டிருப்பேன். அதனால் புது சாமானுக்குக் குறை வைக்கக் கூடாதென்று ஒவ்வொரு ஸ்பேனரின் வாயையும் சந்தனக் கிண்ணத்தில் நன்றாகத் தோய்த்து எடுத்து வைத்தேன். சுண்டலும் செய்தேன், அக்கம்பக்கம் கொடுக்கக் கூச்சமாக இருந்தது, மூன்று வேளையும் நானே சாப்பிட்டேன். மறுநாள் கடையைத் திறந்தால் ஒரு ஸ்பேனரும் போல்ட்டில் உட்காரவில்லை. வந்த கோபத்தில் செட்டைத் தூக்கிக்கொண்டு நேரே நானாவிடம் போய், அளவு தப்பான செட்டை என் தலையில் கட்டிவிட்டீரே என்று கத்தினேன். அவர் பல்குச்சியை எடுத்து ஸ்பேனர் வாய்க்குள் குத்தினார். மஞ்சள் மஞ்சளாகக் காய்ந்த சந்தனம் மேஜையில் கொட்டியது. கடையே கமகமவென்று இருந்தது. "பூச யார் பண்ணது, நீங்களா?" என்று மட்டும் கேட்டார். ஒவ்வொன்றாகக் குத்திச் சுத்தம் பண்ணி, தேத்தண்ணியும் வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

அதற்குப் பிறகு நேற்று காளிதாசன், நம் எஸ்டேட் டிராக்டர் டிரைவர், எஞ்சின் ஆடுகிறது என்று அவனுடைய சின்னக் கப்சாய் மோட்டாரைக் கொண்டுவந்தான். புது ஸ்பேனரை மாட்டினேன், என்ன கச்சிதம் தெரியுமா, அப்படியே போய் உட்கார்ந்தது. திருப்பினேன். அந்தப் பக்கத்து நட்டும் திரும்பியது. அந்தப் பக்கத்து நட்டில் ரிங் ஸ்பேனரை மாட்டிக் காளிதாசனைப் பிடிக்கச் சொன்னேன். போன் அடித்ததும் விட்டுவிட்டான். சரியென்று இந்தப் பக்கமிருந்தே காலை நீட்டி, பாதத்தால் அதை மிதித்துக்கொண்டு கையால் இங்கே திருப்பினேன். மோட்டார் என் மேல் சாய்ந்தது. பயப்படாதே, முழங்கை கொஞ்சம் சிராய்த்தது, மஞ்சள் போட்டிருக்கிறேன். விழும்போது, "உமா, புடி" என்று சத்தம் போட்டிருக்கிறேன் போலிருக்கிறது. காளிதாசன் என்னைத் தூக்கிவிட்டு அந்தப் பக்கம் காலியாகக் கிடந்த முக்காலியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "அக்காதான் ஜோகூர்ல இருக்காங்களே லா, அண்ணே. யாரக் கூப்புடுறீங்க?" என்றான். பழக்க தோஷம் என்று சொல்லி மழுப்பிவிட்டேன்.

ஆகவே இங்கு எல்லாம் நல்லபடியாக நடக்கிறது. நல்ல செட் அமைந்துவிட்டது, இனி தனியாகவே எல்லா வேலையும் பார்ப்பேன். ரமணியை மனசு கஷ்டப்படாமல் இருக்கச் சொல். நீ ஒரு வருஷம் இருந்தாலும் சரி, பிள்ளை பள்ளிக்கூடம் போகும்வரை இருந்தாலும் சரி. மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பு. பேத்திக்கு நோய்நொடி இல்லாமல் வளர என் ஆசீர்வாதமும், போனைக் கடிக்கும் அந்தப் பல்லுக்கு ஒரு முத்தமும்.

இப்படிக்கு,
பரஞ்சோதி

பின்குறிப்பு: மேலே உள்ளதை ரமணிக்கும் மாப்பிள்ளைக்கும் படித்துக் காட்டு. இது உனக்கு மட்டும். காளிதாசன் மோட்டார் இன்னும் கடையில்தான் நிற்கிறது, போல்ட் இறுகவில்லை. ஸ்பேனர் மேல் குறையே இல்லை, பழைய செட் மேலும் இல்லை. அந்தப் பக்கம் முக்காலியில் உட்கார்ந்து, ஒரு கையில் மைலோவும் ஒரு கையில் ரிங் ஸ்பேனருமாக, "புடிச்சிட்டேன், திருப்புங்க" என்று சொல்ல நீ இல்லை. அது எனக்கு முதல் நாளே தெரியும். என்னால் முடியவில்லை உமா. ஜோகூரில் ராத்திரி பஸ் ஏறினால் காலையில் சுங்கைப் பட்டாணியில் இறங்கிவிடலாம். எந்த நாள் என்று மட்டும் சொல், பிள்ளை போனைப் பிடுங்குவதற்குள் சொல்லிவிடு. காளிதாசனிடம், "அக்கா வந்ததும் மோட்டாரை எடுத்துக்கோ" என்று சொல்லிவிட்டேன்.