ஆபீசர் வந்தபோது நின்ற தறிகள்

14.11.2025, வெள்ளிக்கிழமை, பிற்பகல் 4 மணி 20 நிமிடம். எங்கள் குழுவில் உள்ள தறிக்கூடங்கள் 17. தறிகள் 138. இன்று பார்வையிட வந்த அதிகாரியின் கண்ணெதிரே ஓடிய தறிகள் 0.

மதிப்புக்குரிய கந்தப்பன் மாமா அவர்களுக்கு,

சோமனூரிலிருந்து உங்கள் தங்கை மகன் நவநீத் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு அப்பா, அம்மா நலம். அங்கு நீங்கள், அத்தை, வாழைத்தோட்டம் எல்லாம் நலமாக இருப்பதாகவே வைத்துக்கொள்கிறேன், விசாரிக்க நேரமில்லை. இதைப் போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் நான் இரண்டாவது வாக்கியத்தைத் தொடங்குவதற்குள் நீங்கள் “சரி கண்ணு, வெச்சர்றேன்” என்று வைத்துவிடுவீர்கள். அதனால் எழுதி, நாளைக் காலை சத்தி பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். பஸ் ஸ்டாண்டில் ஆள் வைத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

விஷயம் ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை சிமென்ட் கடைக்காரர் கொண்டுவரப்போகும் முன்பணத்தை வாங்காதீர்கள்.

கருமத்தம்பட்டி ரோட்டில் உள்ள உங்கள் நாற்பது சென்ட்டை எங்கள் குழுவுக்குக் குத்தகைக்குத் தருவதாகச் சொன்னீர்கள். ஆபீசர் வந்து பார்த்து நல்லபடியாக எழுதிவிட்டால் எங்களுக்கு, இல்லாவிட்டால் சிமென்ட் கடைக்கு என்றும் சொன்னீர்கள். நியாயமான பேச்சு, மறுக்கவில்லை. ஆனால் எங்கள் நிலைமை உங்களுக்கு முழுதாகத் தெரியாது. நீளவாக்கில் ஓடும் பாவு நூலைத் தறியில் ஏற்றும் முன் கஞ்சி போட்டாக வேண்டும். அதற்குப் பதினெட்டு கிலோமீட்டர் தள்ளி இன்னொருவர் மெஷின் வாசலில் போய் வரிசையில் நிற்கிறோம். நாலு நாள் பாவு வராது, நாலு நாளும் தறி சும்மா நிற்கும். போன வருடம் இரண்டு பேர் தறியை எடைக்குப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். பதினேழு பேரும் சேர்ந்து சொந்தமாக ஒரு கஞ்சி மெஷின் வைத்தால் பெரும் பங்கை மானியமாகத் தர ஒரு திட்டம் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கவே எனக்கு எட்டு மாதம் ஆயிற்று. ஒரு ஆபீசில் மாடிக்குப் போகச் சொன்னார்கள், மாடியில் ஈரோட்டுக்குப் போகச் சொன்னார்கள், ஈரோட்டில் “உங்களுக்குக் கோயமுத்தூர்தானுங்களே” என்று டீ கொடுத்து அனுப்பினார்கள். பம்ப் கம்பெனி வேலையை விட்டதும் இதற்காகத்தான். கடைசியில் நிபந்தனை இரண்டே இரண்டு: நிலம் கையில் இருக்க வேண்டும், அதிகாரி வந்து பார்க்கும்போது குறைந்தது பதினைந்து கூடங்களாவது ஓட வேண்டும். ஓட வேண்டும், மாமா. அவ்வளவுதான். தினமும் பன்னிரண்டு மணி நேரம் காது கிழிய ஓடுகிற தறிகள்!

நான் மெக்கானிக்கல் இஞ்சினியர். எதையும் வாய்க்கு வந்தபடி செய்கிறவன் அல்ல. பதினான்கு விதிகள் டைப் அடித்து எல்லாக் கூடத்துக்கும் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். நாலாவது விதி, எல்லாரும் சட்டை போட்டிருக்க வேண்டும். ஒன்பதாவது விதி, ஆபீசர் பக்கத்தில் இருக்கும்போது யாரும் போனைத் தொடக் கூடாது. பதினோராவது, குடிக்க ஏதாவது கொடுக்க வேண்டும். பன்னிரண்டாவது, மரியாதையாக நடந்துகொள்ள வேண்டும். “தறியை ஓட்டவும்” என்று மட்டும் எழுதவில்லை. மூச்சு விடவும் என்று யாராவது எழுதுவார்களா?

காலை ஒன்பதரைக்கு ஆபீசர் கிருபா மேடம் ஜீப்பில் வந்து இறங்கினார். நேர்மையானவர், கண்டிப்பானவர். முதலில் சாமுவேல் அண்ணன் கூடம். உள்ளே போனால் எட்டுத் தறியும் நிற்கிறது. கரண்ட் இல்லையோ என்று மேலே பார்த்தேன், ஃபேன் சுற்றுகிறது. அண்ணன் வெள்ளைச் சட்டையில் கைகூப்பி நின்று, “அம்மா வந்த காரியம் நல்லபடியா முடியோணும்னு சித்த ஜெபம் பண்ணிக்கலாமுங்களா?” என்றார். மேடம் மறுக்க முடியாமல் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கண்ணை மூடினார். ஏழு நிமிடம். ஜெபத்தில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டமும் வந்தது, எங்கள் கஞ்சி மெஷினும் வந்தது, தறிச் சத்தம் மட்டும் வரவில்லை. ஆமென் சொன்னவுடனே மேடம் குறிப்பேட்டில் எழுதினார்: இயங்கவில்லை.

சரி, ஒன்று போகட்டும் என்று அடுத்ததாக ராசாத்தாள் அக்கா கூடத்துக்குப் போனால் அங்கேயும் சத்தமில்லை. அக்கா பட்டுச்சேலை கட்டி, நாற்காலிக்குத் துண்டு விரித்து, “வாங்கம்மணி, உக்காருங்க, எளநி குடிங்க” என்கிறார். நான் காதோரம் போய், “அக்கா, தறியைப் போடுங்க” என்றேன். அக்கா எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, ஆனால் தெருவுக்கே கேட்டது, “ஊட்டுக்கு வந்த புள்ளைகிட்ட தறிச் சத்தத்துல கத்திக் கத்தியா பேசுவாங்க? இதத்தான் காலேசுல நாலு வருசம் படிச்சியாக்கும்?” என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இங்கே யார் வீட்டுக்கு விருந்தாளி வந்தாலும் முதல் வேலையாகத் தறியை நிறுத்திவிட்டுத்தான் “வாங்க” என்பார்கள். நான் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். என் தலையில் அது ஏறவே இல்லை.

உடனே எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் “எல்லாரும் தறியை ஓட்டுங்க!!!” என்று போட்டேன். யாரும் பார்க்கவில்லை. ஒன்பதாவது விதி. ஒவ்வொருவருக்காகப் போன் அடித்தேன். எல்லாம் பீரோவுக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறார்களாம். ஓடிப்போய்ச் சொல்லலாம் என்றால் மேடம், “நீங்க என்கூடவே இருங்க, செகரெட்டரி” என்று விட மாட்டேன் என்கிறார். மூன்றாவது, நாலாவது, ஐந்தாவது, எல்லாம் நிசப்தம். எங்கள் தெருவில் குருவி கத்துவதை இன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்டேன். எட்டாவது இளநீருக்கு மேல் மேடம் கண்ணாலேயே வேண்டாம் என்று சொல்ல ஆரம்பித்தார். மத்தியானம் ஒரு வீட்டில் அரிசிம்பருப்பு சாதம், அடுத்த வீட்டில் ஒப்புட்டு. “இங்க யாருக்குமே வேலை இல்லையா, நவநீத்?” என்று கேட்டார்.

நஞ்சுண்டன் மாமா கூடம்தான் எல்லாவற்றுக்கும் மேல். ஆறு தறியையும் துடைத்து, சந்தனப் பொட்டு வைத்து, மாலை போட்டு, புது வெள்ளைத் துணி போர்த்தி ஆயுத பூஜை மாதிரி நிறுத்தியிருந்தார். “எப்புடிங்க மேடம், பளிச்சுனு இருக்குதுங்களா?” என்று பெருமையாகக் கேட்டார். மேடம் நிதானமாக எழுதியதை நான் எட்டிப் பார்த்தேன்: ‘இயந்திரங்கள் துணி போர்த்திய நிலையில்; நீண்ட நாட்களாக இயக்கமில்லை எனத் தெரிகிறது.’ அந்தத் துணி நேற்று அதே தறியில் நெய்தது, மாமா! அதை மேடத்திடம் சொன்னேன். “சரி” என்றார். எழுதியதை அடிக்கவில்லை.

கடைசி நம்பிக்கை எங்கள் கூடம். பதினேழாவது. தெருமுனையிலேயே காதைத் தீட்டிக்கொண்டேன். ஒன்றும் கேட்கவில்லை. உங்கள் தங்கை வாசல் கழுவிக் கோலம் போட்டு, மோர்ச் சொம்போடு நிற்கிறார். மேடம் போனபிறகு, “ஏம்மா நிறுத்துன?” என்று கத்தினேன். “என்ற மவன் ஆபீசரக் கூட்டிட்டு வாரான், நான் பாட்டுக்குத் தறிய ஓட்டிட்டு மொகங் குடுக்காம நிப்பனா? எங்கண்ணன் கேட்டா என்ன நெனைப்பாரு?” என்கிறார். நீங்கள் என்ன நினைப்பீர்களோ எனக்குத் தெரியாது, மாமா. அறிக்கை திங்கட்கிழமை கமிட்டிக்குப் போகிறது. பதினேழுக்குச் சைபர். இத்தனை பேரும் என்னை நம்பிக் கையெழுத்துப் போட்டவர்கள். இவர்களில் ஒருவர்கூட என்னைத் திட்டவில்லை. “மேடம் நல்லா சாப்பிட்டாங்க, கட்டாயம் கெடைச்சுரும்” என்று எனக்கே ஆறுதல் சொல்லிவிட்டு எல்லாரும் தறியைப் போடப் போய்விட்டார்கள்.

ஆகவே நான் இனி செய்யப்போவது:

1. நாளை காலை 8 மணிக்குப் பதினைந்தாவது விதியை எல்லாக் கூடத்துச் சுவரிலும் ஒட்டுவது: யார் வந்தாலும் தறி ஓட வேண்டும்.

2. திங்கட்கிழமை காலை 9.45க்கு ஆபீஸ் வாசலில் நின்று மேடத்திடம் இன்னொரு முறை வரச் சொல்லிக் கேட்பது. கெஞ்சவும் தயார்.

3. அதிகாரி முன்னால் தறியை நிறுத்தும் கூடம் எதுவானாலும் அன்றே குழுவிலிருந்து நீக்கம். வயது, உறவு, பதவி எதுவும் பார்க்கப்படாது. (இதை இப்போதே குரூப்பில் போட்டுவிட்டேன். பதினாறு பேரும் கட்டைவிரல் காட்டிவிட்டார்கள்.)

4. நீங்கள் நிலத்தைச் சிமென்ட் கடைக்குக் கொடுத்துவிட்டால், பம்ப் கம்பெனிக்கே திரும்பிப் போவது. அவர்கள் எடுப்பார்களா என்பது சந்தேகம்.

அத்தைக்கு என் வணக்கம். உங்கள் மகள் லோகப்பிரியா பரீட்சையை நன்றாக எழுதட்டும், பிற்காலத்தில் குழு எதற்கும் செயலாளராகாமல் இருக்கட்டும். பவானியில் தண்ணீரும் உங்கள் மனதில் பொறுமையும் குறையாதிருக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
நவநீத்,
செயலாளர்

பின்குறிப்பு: மாலை 6 மணி 50 நிமிடம். மேலே எழுதியதில் 1, 2, 4 ரத்து. கிருபா மேடம் ஜெபத்துக்குக் கழற்றிய கண்ணாடியைச் சாமுவேல் அண்ணன் கூடத்திலேயே மறந்துவிட்டார். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் கைப்பையிலிருந்த பழைய கண்ணாடியிலாம். எடுக்கத் திரும்பி வந்தால், போன நேரத்தைப் பிடிக்க எல்லாரும் தறியை முழு வேகத்தில் போட்டிருக்கிறார்கள், தெருவே அதிர்கிறது. அந்தச் சத்தத்தில் ஜீப் வந்தது யாருக்கும் கேட்கவில்லை. மேடம் வாசலில் நின்றபடியே ஒவ்வொரு கூடமாக வீடியோ எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். ராசாத்தாள் அக்கா மட்டும் பார்த்துவிட்டு சுவிட்சுக்குக் கையைக் கொண்டுபோக, மேடம், “நிறுத்தாதீங்க!” என்று கத்தினாராம். பதினாறு கூடம், பதினாறும் இயக்கத்தில். பதினைந்து போதும். அறிக்கையை மாற்றி எழுதிவிட்டார்.

பதினேழாவதாக எங்கள் கூடத்துக்கு வந்தார். நான் மூன்றாம் தறியில் குனிந்து நட்டு முடுக்கிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் வாசலில் விருந்தாளி. என் கை தானாகப் போய் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டது, மாமா. “வாங்க மேடம், உக்காருங்க, மோர் குடிக்கறீங்களா?” என்று என் வாய் சொல்கிறது. அவர் சிரித்துக்கொண்டே எழுதினார்: இயங்காதது 1, செயலாளருடையது.

ஐந்து நிமிடத்தில் ராசாத்தாள் அக்கா குரூப்பில் நான் போட்ட நீக்க விதியை எனக்கே திருப்பி அனுப்பி, “விதின்னா விதிதானுங்க கண்ணு” என்று போட்டார். பதினாறு கட்டைவிரல். ஞாயிற்றுக்கிழமை நீங்களே வந்து குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுங்கள். செயலாளர் என்ற இடத்தில் அக்கா பெயரைப் போட்டுக்கொள்ளலாம். நீங்கள் வரும்போது தறி ஓடிக்கொண்டுதான் இருக்கும். கத்தித்தான் பேசுவேன். தப்பாக நினைக்காதீர்கள்.

நவநீத்
(உறுப்பினர் அல்ல)