கட்டிலுக்கடியில் முனியசாமி சேவல்

ஜீப்பு தெருமுனையில் திரும்பியபோது நல்லகண்ணு சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஒளிக்க இடம் தெரியாமல் முற்றத்தையே சுற்றிச் சுற்றி வந்தார்.

காலையில் எம்.ரெட்டியபட்டிக்குள் மைக் கட்டிய ஆட்டோ வந்திருந்தது. "பறவைக் காய்ச்சல்! கோழிக கிட்டப் பச்சப்பிள்ளைகள விடாதீங்க! அதிகாரிக வந்து கோழிகள..." அத்தோடு வீட்டுக்கு ஓடிவந்துவிட்டார். மீதியைக் கேட்க அவருக்குத் தெம்பில்லை.

சும்மா சேவலா அது? ஏழு வருஷம் பிள்ளையில்லாமல் இருந்த மகள் பிரவீணாவுக்காக முனியசாமிக்கு நேர்ந்துவிட்டது. பேரனும் பிறந்துவிட்டான். வருகிற வெள்ளிக்கிழமை, முப்பது நாள் தீட்டுக் கழிந்ததும், கோயிலில் பொங்கல். நேர்ந்ததை விட்டுவிட்டு வேறு சேவலை நீட்டினால் சாமி பேரன் மேல்தான் கோபத்தைக் காட்டும் என்று அவருக்கு நிஜமாகவே பயம்.

கடைசியில் ஊர்வழக்கம் கைகொடுத்தது. முப்பது நாள் ஆகாத பிள்ளை இருக்கும் அறைக்குள் வெளியாள் நுழைய மாட்டார்கள். பிரவீணா அசந்து தூங்கினாள். சேவலைக் கூடைபோட்டு மூடி, கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, ஒன்றும் தெரியாதவர்போல் வாசலுக்கு வந்தார்.

உச்சி முதல் பாதம் வரை வெள்ளை உடுப்பு மாட்டிய நாலு பேர் நின்றார்கள். அவர்களில் ஊர் நர்ஸ் தங்கச்செல்வியைக் குரலை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது.

"கோழி இருக்காய்யா?"

"ஒரு எறகுகூடக் கிடையாது தாயி."

உள்ளே சேவல் கொக்கரித்தது. நல்லகண்ணு அவசரமாக இருமினார். அது விடவில்லை, இவரும் விடவில்லை.

"இருமலு எத்தன நாளா?"

"ரெண்டு நாளா."

"காய்ச்சலு?"

"லேசா..."

அவ்வளவுதான். முகத்தில் மாஸ்க் ஏறியது. மூக்கில் குச்சி நுழைந்தது. வேப்பமரத்தடியில் உட்காரவைத்துச் சுற்றிலும் கயிறு கட்டிவிட்டார்கள். தெருவே கூடி வேடிக்கை பார்த்தது.

"பச்சப்பிள்ள இருக்கிற வீடு. ஏழு நாளைக்கு நீங்க உள்ள போகக்கூடாது."

"வெள்ளிக்கிழம பொங்கலு தாயி!"

அப்போது சேவல் தொண்டை கிழியக் கூவியது. குழந்தை வீறிட்டு அழுதது. எந்த இருமலாலும் அதை மறைக்க முடியாது.

நல்லகண்ணு கைகூப்பினார். "கட்டிலுக்கடியிலதான் வச்சிருக்கேன். கொன்னுறாதீக தாயி, சாமி சேவலு!"

தங்கச்செல்வி சிரித்துவிட்டாள். "யாருய்யா கொல்லப்போறா? எண்ணிட்டுப் போகத்தான் வந்தோம். இந்த உடுப்பு, குச்சி, கயிறு எல்லாமே நோயி வந்தா என்ன செய்யணும்னு ஒத்திகைதான். இந்தப் பக்கம் நோயே கிடையாது. ஆட்டோல சொன்னாகளே, கேக்கலையா?"

போன உயிர் திரும்பி வந்தது. மாஸ்க்கைக் கழற்றிவிட்டு நல்லகண்ணுவும் சிரித்தார், தெருவும் சிரித்தது.

பிள்ளையை நெஞ்சோடு அணைத்தபடி பிரவீணா வாசலுக்கு வந்தாள். அவள் சிரிக்கவில்லை.

"சேவலக் கொண்டாந்து எம்பிள்ளைக்குப் பக்கத்துல வைக்கும்போது, இது ஒத்திகைன்னு ஒங்களுக்குத் தெரியுமாப்பா?"